நாணலும் நாதமும்: கிளாரினெட் ரீடு சீவும் கைத்திறனின் வரலாறு

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் முதலாம் இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அக்கோயிலில் பணிபுரிந்த ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்களும், கொட்டு வாசித்தோர், பாடியோர், வங்கியம் என்னும் ஊதுகருவியை ஊதியோர் ஆகியோரின் பெயர்களும், அவரவர்க்கு ஒதுக்கப்பட்ட பங்கும் அங்கே வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. அதே கோயிற் கல்வெட்டுகளில் ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ என்னும் சொற்களும் வருகின்றன. ஆனால் அச்சேரிகளில் வாழ்ந்தோரின் பெயர்கள் இல்லை. வரி நீக்கப்பட்ட நிலத்தின் கணக்கிலே ஓர் அளவாக மட்டும் அவர்தம் குடியிருப்பு நிற்கிறது.

கோயிலில் ஊதியவன் பெயர் ஆயிரம் ஆண்டுகளாய்க் கல்லில் நிற்கிறது. சேரியில் வாழ்ந்தவன் பெயர் நிற்கவில்லை. வரலாறு என்பது எழுதி வைக்கப்பட்டவரின் வரலாறாகவே இருந்து வந்துள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆகவே, நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில், எவரும் எழுதி வையாத ஒரு சிறு கைத்திறனைப் பற்றி எழுதுவது தகும் எனக் கருதுகிறேன். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதும் நம் பெரியவர்கள், அக்கருவியின் ரீடு என்னும் சிறு நாணல் தகட்டைத் தம் வீட்டுத் திண்ணையிலே பிளேடும் கண்ணாடிச் சில்லும் கொண்டு பதப்படுத்தும் கலையே அது.

கருவி வந்த வழி

கிளாரினெட் நம் நாட்டுக் கருவி அன்று. செருமனியின் நூரம்பர்க் நகரில், 1700ஆம் ஆண்டை ஒட்டி, யோகான் கிறிஸ்தோப் தென்னர் என்னும் கருவி செய்வோர் அதனை உருவாக்கினார். தொடக்கத்தில் அதற்கு இரண்டு சாவிகளே இருந்தன. 1812இல் இவான் முல்லர் என்பார் 13 சாவிகள் கொண்ட கருவியைப் பாரிசில் அறிமுகப்படுத்தினார். 1843இல் குளோசே என்னும் இசையாசிரியரும் பஃபே என்னும் கருவி செய்வோரும் இணைந்து இன்று பெரிதும் வழங்கும் அமைப்பைத் தந்தனர்.

ஆங்கிலக் கும்பினிப் படைகளோடு மேனாட்டு இசைக்குழுக்கள் தமிழகத்துக்கு வந்தன. அவர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர் (1775–1835) அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். அவை ‘நோட்டு சுவரம்’ எனப்படும். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் தம் அரண்மனையில் மேனாட்டு இசைக்குழு ஒன்றை வைத்துப் பேணினார். அக்குழுவுக்கெனத் திரட்டப்பட்ட இசைச்சுவடிகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன.

அரண்மனையில் ஒலித்த கருவி ஆடலரங்குக்கு வந்தது. 1860ஆம் ஆண்டை ஒட்டி மகாதேவ நட்டுவனார் என்பவர் சதிர் ஆட்டத்துக்குரிய சின்னமேளத்தில் கிளாரினெட்டைச் சேர்த்தார் என்று இசை வரலாற்றார் கூறுவர். பின்னர்ச் சென்னையில் புகழ்பெற்றிருந்த நாதமுனி பேண்டைச் சேர்ந்த பலராமன் அதனைக் கச்சேரிக் கருவியாகப் பரப்பினார். 1931இல் திருச்சியில் பிறந்த ஏ.கே.சி. நடராசன் அதில் முழுமையான கருநாடக இசையை வாசித்து, ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ எனப் போற்றப்பெற்றார். 2008இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும், 2022இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வழங்கப்பெற்றன. அதே 2022இல் விராலிமலைச் சதிர்க் கலைஞர் முத்துக்கண்ணம்மாளும் பத்மஸ்ரீ பெற்றார். சின்னமேளத்தில் ஒன்றாயிருந்த ஆடலும் குழலும் ஒரே ஆண்டில் சிறப்பிக்கப்பெற்றது பொருத்தமன்றோ!

இவ்வாறு தஞ்சையிலும் திருச்சியிலும் வளர்ந்த கருவி நம் பக்கம் வருவதற்கு நெடுந்தொலைவு கடக்க வேண்டியிருக்கவில்லை. திருமானூருக்குத் தெற்கே கொள்ளிடத்தைக் கடந்தால் திருவையாறு. அதனை அடுத்துத் தஞ்சை. மேற்கே திருச்சி. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாகும் வரை நாம் திருச்சி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தோம். அரியலூர் நிலையான தனி மாவட்டமானது 2007இல்தான்.

எச்சில் என்னும் தடை

தொலைவு தடையாக இல்லை. வேறொரு தடை இருந்தது. ஊதுகருவியின் நாணல் வாயில் வைக்கப்படுவது, எச்சிலில் நனைவது. எச்சிலைத் தீட்டாகக் கருதிய சாதிச் சிந்தனை, தோற்கருவியையும் ஊதுகருவியையும் நரம்புக் கருவிக்குக் கீழே வைத்தது. வீணைக்கு ஓர் இடம், நாகசுரத்துக்கு ஓர் இடம், பறைக்கு ஓர் இடம் என மக்களை வகுத்தவாறே கருவிகளையும் வகுத்தனர்.

இந்த மனப்பான்மை நம் நாட்டோடு நிற்கவில்லை. தாய் தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்களைப் படையில் சேரவிடாமல் கும்பினி 1795இல் ஆணை பிறப்பித்தது. அவர்களுக்கு அது விட்டுவைத்த வேலைகள் குழல் ஊதுதல், முரசு அடித்தல், இசைக்குழுவில் வாசித்தல், லாடம் அடித்தல் ஆகியனவே. ஆயுதம் ஏந்தத் தகாதவன் குழல் ஊதலாம் என்பது அதன் பொருள். ஆங்கிலேயரும் ஊதுபவனைக் கீழாகவே மதித்தனர்.

நாகசுரம் கோயிலோடும் குடும்ப மரபோடும் பிணைந்த கருவி. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நம்மவர் நுழைந்தது 1939 சூலை 8ஆம் நாள்தான். சென்னை மாகாணக் கோயில்கள் யாவற்றுக்கும் பொதுவான நுழைவுரிமைச் சட்டம் 1947இல் வந்தது. கோபுர வாயிலைத் தாண்டவே உரிமையற்றவன் கோயிலுக்குள் ஒலிக்கும் இசையை எங்ஙனம் குருவிடம் அமர்ந்து கற்பான்? கிளாரினெட்டுக்கோ கோயிலும் இல்லை, மரபு உரிமையும் இல்லை. கருவி வாங்கப் பணமும், சொல்லிக்கொடுக்க ஒருவரும் இருந்தால் எவரும் ஊதலாம். கடல் கடந்து வந்த அக்கருவிக்கு இந்நாட்டுச் சாதி ஏட்டில் இடம் குறிக்கப்படவில்லை. அந்த வெற்றிடத்தின் வழியே நம்மவர் உள்ளே நுழைந்தனர் எனலாம்.

பறையும் பேண்டும்

“நம் முன்னோர் பறை அடித்தனர், அதை விட்டுப் பேண்டுக்குப் போனதால் என்ன உயர்வு?” என்று சில இளைஞர் வினவுவதுண்டு. விடை கருவியில் இல்லை, உறவில் இருக்கிறது. ஊரில் சாவு விழுந்தால் அழைத்தவுடன் சென்று பறை அடிக்க வேண்டும் என்பது கட்டாயம். கூலி அவர்கள் விருப்பம், மறுத்தால் தண்டனை. பேண்டு செட்டுக்கோ நாள் குறித்து, தொகை பேசி, முன்பணம் பெற்றுச் செல்வது வழக்கம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாசிப்பவனுக்கு உண்டு. அடிமைப் பணிக்கும் தொழிலுக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவேயாம்.

டாக்டர் அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்ட மன்றத்தில் மகர் வதன் முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்ததன் நோக்கமும் இதுவே: பிறப்பால் சுமத்தப்பட்ட ஊர்ப்பணியிலிருந்து மக்களை விடுவித்தல். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1976இல் செய்யப்பட்ட திருத்தம், தீண்டாமையின் பெயரால் ஒருவரைச் செத்த விலங்கை அகற்றுதல் முதலிய பணிகளைச் செய்யுமாறு வற்புறுத்துவதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

கட்டாயம் நீங்கியபின் பறையே மேடை ஏறிற்று. மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இழிவு தோலில் இல்லை, கட்டாயத்தில்தான் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

மேலும் ஒன்று. பறையடித்த கை கிளாரினெட்டுக்கு வெறுங்கையாகச் செல்லவில்லை. பறையை வைக்கோல் தீயில் காய்ச்சி, தோல் இறுகி, ஒலி எழும்பும் அந்தக் கணத்தைக் காதாலே அறிவது நம் முன்னோர் கற்றிருந்த வித்தை. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பதம்’. பறைக்கு நெருப்பால் பதம். ரீடுக்கு நீராலும் பிளேடாலும் பதம். பதம் அறியும் செவி ஒன்றே.

ரீடின் இயல்பு

நாகசுரத்தின் சீவாளி இரட்டை நாணல். கிளாரினெட்டின் ரீடு ஒற்றை நாணல். ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நீளமும் 13 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது அது. அடிப்பகுதி தடித்திருக்கும், நுனி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். தட்டையான பக்கம் ஊதுவாயின் திறப்பின்மேல் படியுமாறு வைத்துத் திருகுப் பட்டையால் இறுக்குவர். மூச்சுக் காற்று பட்டு அந்நுனி துடிப்பதே நாதத்தின் தொடக்கம். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவியும் அச்சிறு நாணல் இல்லையேல் வெறும் மரக்குழாய்தான்.

ரீடுக்கு ஏற்ற நாணல் பிரான்சு நாட்டின் தென்கோடியில் மத்தியதரைக் கடலை ஒட்டிய வார் மாவட்டத்தில் சிறந்து விளைகிறது. அதனை வெட்டி, நெடுநாள் உலர வைத்து, பிளந்து சீவுகின்றனர். 1905இல் பாரிசில் தொடங்கிய வான்டோரன் நிறுவனமும், 1928இல் அமெரிக்காவில் தொடங்கிய ரிகோ நிறுவனமும் இதில் பெயர் பெற்றவை. இரண்டு, இரண்டரை, மூன்று என்ற எண்கள் ரீடின் விறைப்பைக் குறிக்கும். எண் கூடினால் விறைப்பும் கூடும். நம் இசையின் கமகத்துக்குச் சுரத்தை வளைத்து இழைக்க வேண்டும். அதற்கு இளகிய ரீடே உதவும்.

நம் நாட்டில் நெடுங்காலம் அயல்நாட்டு நுகர்பொருள்களை இறக்குமதி செய்யக் கடுமையான உரிமக் கட்டுப்பாடுகள் இருந்தன. 1991க்குப் பின் தளர்ந்த அவை, 2001இல்தான் பெரும்பாலும் நீங்கின. திருச்சிக்கோ சென்னைக்கோ சென்று தேடி வாங்கிய ரீடு ஒன்றை முறிந்து போகும்வரை பேண வேண்டிய நிலை இருந்தது. பெட்டியில் உள்ள ரீடுகளிலும் சிலவே எடுத்தவுடன் நன்கு ஒலிக்கும். ஏனையவற்றைச் சீவித்தான் பயன்கொள்ள வேண்டும். மேனாட்டுக் கலைஞர் இதற்கெனத் தனிக் கத்தியும் நுனி வெட்டும் கருவியும் வாங்கினர். நம்மவர் வீட்டிலிருந்ததைக் கொண்டு செய்தனர்.

வீட்டில் செய்யும் முறை

இளைஞர் அறியும்பொருட்டு அம்முறையை ஒழுங்காகக் கூறுகிறேன்.

முதலாவது, நனைத்தல். புதிய ரீடைத் தூய நீரில் ஓரிரு நிமிடம் நனைத்து, முதல் நாள் சில நிமிடங்கள் மட்டுமே ஊதுதல் வேண்டும். நாள்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டினால் நாணல் பழகும். முதல் நாளே திருமண ஊர்வலத்துக்குக் கொண்டு சென்றால் விரைவில் சோர்ந்து போகும்.

இரண்டாவது, அடிப்பக்கத்தைச் சமன் செய்தல். நம் மாவட்டங்களின் சித்திரை வெயிலில் ரீடு உலர்ந்து முறுக்கும். ஐப்பசி மழையில் ஊறிப் பருக்கும். தட்டையான பக்கம் வளைந்துவிட்டால் காற்று கசியும். உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டின்மேல் நுண்ணிய உப்புத்தாளை விரித்து, அதன்மேல் ரீடை மெல்ல இழுத்துத் தேய்த்தால் சமனாகும். காற்று கசிகிறதா என அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஊதுவாயின் கீழ்த்துளையை உள்ளங்கையால் மூடி, காற்றை உறிஞ்சி, வாயிலிருந்து எடுக்க வேண்டும். ரீடு ஒரு நொடியேனும் ஒட்டியிருந்து பின் ‘டப்’ என விடுபட்டால் கசிவு இல்லை.

மூன்றாவது, விறைப்பைக் குறைத்தல். ஊதும்போது காற்றொலி மிகுந்து, நாதம் எழ வருந்தினால் ரீடு விறைப்பு என்று பொருள். சவர பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, நடுப்பகுதியின் இருபுறத்திலும் நுனியை நோக்கி மட்டும் மெல்லச் சுரண்ட வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் கருநிழலும் ஓரங்களில் ஒளியும் தெரியும். நிழலின் இருபக்கமும் ஒத்திருத்தல் வேண்டும். நடுவே உள்ள அந்த நிழற்பகுதி ரீடின் முதுகெலும்பு, அதனைத் தொடலாகாது. இரண்டு மூன்று முறை சுரண்டியதும் ஊதிப் பார்த்தல் வேண்டும். சீவியதை மீண்டும் ஒட்ட இயலாது.

நான்காவது, இருபுறச் சமநிலை. கருவியைச் சற்றே ஒருபுறம் திருப்பி, ரீடின் ஒரு பாதியை உதட்டால் அடக்கி ஊதினால் மறுபாதியின் ஒலி தனித்துக் கேட்கும். பிறகு மறுபுறம் திருப்பி ஊத வேண்டும். எப்பக்கம் வருந்துகிறதோ அப்பக்கத்தை மட்டும் சீவ வேண்டும்.

ஐந்தாவது, நுனி வெட்டுதல். நெடுநாள் ஊதி இளகிய ரீடு மேல் சுரங்களில் கீச்சிடும், ஒலி மெலியும். அப்போது நுனியில் மயிரிழை அளவு நீக்கினால் விறைப்பு மீளும். நுனியின் வளைவுக்கு ஒத்த நாணயத்தை ரீடின்மேல் வைத்து அழுத்தி, வெளியே நீட்டிய இழையைத் தீக்குச்சியால் கருக்கும் வழக்கம் மேனாட்டுப் பழங்கலைஞரிடமும் இருந்தது. நகவெட்டியால் நறுக்கி உப்புத்தாளால் வழவழப்பாக்குவதும் உண்டு.

உப்புத்தாள் கிடைக்காத இடத்தில் மரத்தின் இலையும் உதவும். ஐரோப்பியர் ‘குதிரைவால்’ என்னும் சொரசொரப்பான தண்டால் ரீடைத் தேய்த்து வந்தனர். நம் நாட்டுப் பராய் மரத்தின் இலையும் அத்தகையதே. மரத்தையும் தந்தத்தையும் மெருகேற்றப் பயன்பட்டது. திருச்சியை அடுத்த திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரம் அதுவே.

இறுதியாக, பேணுதல். ஊதி முடித்தபின் தூய நீரில் கழுவித் துடைத்து, கண்ணாடித் துண்டின்மேல் வைத்து ரப்பர் வளையம் இட்டால் முறுக்காது. வெற்றிலை மென்ற வாயோடு ஊதலாகாது. ஒருவர் ரீடை மற்றவர் வாயில் வைத்தலும் ஆகாது. இது தீட்டின்பாற்பட்டதன்று, நலவாழ்வின்பாற்பட்டது.

கொள்ளிடக் கரையின் கொறுக்கை

நாணலைப் பதப்படுத்தும் அறிவு நம் மண்ணுக்குப் புதியதன்று. நாகசுரச் சீவாளிக்கு உரிய கொறுக்கை என்னும் நாணல் காவிரி, கொள்ளிடக் கரைகளில் வளர்வதே. அதனை வெட்டி, உலர்த்தி, வேகவைத்து, மடித்துக் கட்டிச் சீவாளி செய்வதில் திருவாவடுதுறை பெயர் பெற்றது. அதனை அடுத்த நரசிங்கம்பேட்டையில் செய்யப்படும் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. ஓர் ஊரின் கைத்திறன் பெயரோடு பதிவு செய்யப்பட்டதனால் அதற்குச் சட்டப் பாதுகாப்பும் மதிப்பும் கிடைத்தன. பிரான்சு நாட்டு வார் மாவட்டமும் அவ்வாறே பெயர் பெற்றது. நம் திண்ணைகளில் நடந்த பணியோ பதிவு பெறவில்லை. திறன் குறைந்ததனால் அன்று, எழுதுவார் இன்மையால்.

இளைஞர்க்கு ஒரு சொல்

ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் தந்தையின் தொழிலைக் கேட்டால், “கூலி வேலை” என்று கூறிவிட்டுத் தலை குனிவோர் உளர். அவர்களுள் சிலர் தந்தையர் பேண்டு வாத்தியக் கலைஞர் என்பதை நான் அறிவேன். தம்பிகளே, தங்கைகளே! ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை அளவுகோல் இன்றி விரலால் அறியும் மனிதர் கல்லாதவர் அல்லர். அதிர்வெண், ஒத்ததிர்வு என்று நான் கரும்பலகையில் எழுதுவதை அவர் செவியால் அறிந்தவர்.

இவ்வாறு கூறுவதால், பள்ளியை விட்டு வாத்தியம் தூக்குங்கள் என்று கூறுவதாகக் கொள்ளற்க. தந்தை ஊதினார் ஆகவே மகனும் ஊத வேண்டும் என்பது நாம் உடைத்தெறிந்த பழைய விலங்கு. மகள் மருத்துவராகலாம், மகன் பொறியாளராகலாம். விரும்பினால் இருவருமே கிளாரினெட்டும் பயிலலாம். தொழிலைத் தேர்ந்துகொள்ளும் உரிமையே நாம் போராடிப் பெற்றது. ஆனால், விட்டுச் செல்லும் தொழிலின் அறிவை வெட்கத்தால் புதைத்துவிடுவது நம் பெரியவர்க்கு நாமே இழைக்கும் அநீதியாகும். இன்று பிளாஸ்டிக் ரீடு கடைக்கு வந்துவிட்டது. திருமண மண்டபங்களில் கீபோர்டும் ஒலிபெருக்கியும் இடம் பிடித்துவிட்டன. சீவத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன.

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஊருக்கு ஒரு குறிப்பேடு தொடங்குவோம். பறை, தவில், கிளாரினெட், டிரம்பெட் என எக்கருவி வாசித்தவராயினும், அவர் பெயர், ஊர், கருவி, கற்பித்தவர் பெயர், கருவியைப் பதப்படுத்திய முறை ஆகியவற்றை நம் மாணவர்களே கேட்டு எழுதட்டும். கைப்பேசியில் அவர்தம் வாசிப்பைப் பதிவு செய்யட்டும். வாசித்து வரும் கலைஞர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராக நம் உறுப்பினர்கள் துணை நிற்கட்டும். சங்கத்தின் அடுத்த மலர் அப்பெயர்ப் பட்டியலோடு வெளிவரட்டும்.

பெரிய கோயிலின் கல்லில் நம்மவர் பெயர் வெட்டப்படவில்லை. அதற்காகக் கல்லை நொந்து பயனில்லை. இன்று எழுதுகோல் நம் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. பெயர்களைச் சொல்லப் பெரியவர்களும் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே எழுதுவோம்.

வளர்க நம் கல்விச் சங்கம்! ஓங்குக நம் ஒற்றுமை!